சேகருக்குக் காது இல்லை என்று சொன்னவர்களுக்கு

சேகர் போய்விட்டான்.

இன்று காலை ஒயரிங் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்... எழுந்திருக்கவில்லை. நாற்பத்து மூன்று வயது. அவன் மனைவி மஞ்சுளாதான் போன் செய்தாள்.

தெரியாதவர்களுக்காக: அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் ஆடியோ ஷோரூமில் ஆறு வருடம் இன்ஸ்டலேஷன் பார்த்தவன். நான் சேல்ஸ். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அதனால் என்னை அக்கா என்பான்.

மதியம் ஆடியோ ரசிகர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. அவனைக் குரூப்பிலிருந்து தூக்கிய அதே ஆட்கள். ஒருவர் எழுதியிருந்தார்... நல்ல டெக்னீஷியன், பாவம், இசை கேட்கிற காதுதான் அவருக்கு இல்லை என்று.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் கடைக்கு விலை உயர்ந்த பவர் கேபிள்கள் வந்தன. ஆம்பிளிஃபயரைச் சுவர் பிளக்கில் மாட்டுகிற ஒயர்தான். ஆனால் கட்டைவிரல் தடிமன், மேலே பின்னல், வெல்வெட் பெட்டி.

இதை மாட்டினால் பேஸ் என்கிற கனத்த ஒலி ஆழமாகும், பாடகரின் குரல் பக்கத்தில் வந்து உட்காரும் என்று கஸ்டமர்களிடம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நன்றாகவே சொன்னேன். எனக்கே அப்படித்தான் கேட்டது.

டீ குடிக்கும்போது சேகர் கேட்டான். "நெசமா உங்களுக்குக் கேட்டுச்சாக்கா? இல்ல பொட்டியப் பாத்துகினு சொல்றீங்களா?"

சத்தியமாகக் கேட்டது என்றேன். அப்படியானால் பார்த்துவிடலாம் என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக் கேபிள் ஒன்றோடு நசரத்பேட்டையில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு வந்தான். ஆம்பிளிஃபயருக்கு முன்னால் பெட்ஷீட்டைக் கட்டினான். ஒரே பாட்டு, பத்து முறை. ஒவ்வொரு முறையும் பின்னால் போய் ஒயரைக் கழற்றி மாட்டுவான். எது வெல்வெட் பெட்டி கேபிள், எது என் பழைய கம்ப்யூட்டரின் ஒயர் என்று நான் எழுத வேண்டும்.

ஏழு முறை வெல்வெட் பெட்டி என்று எழுதினேன். பக்கத்தில் குறிப்பு வேறு... "பேஸ் சூப்பர்", "குரல் தெளிவு".

பெட்ஷீட்டை விலக்கினான். பத்து முறையும் கம்ப்யூட்டர் ஒயர்தான்.

கோபம் வந்தது, ஏமாற்றுகிறாய் என்றேன். சரி என்று நிஜமாகவே மாற்றி மாற்றி இன்னொரு பத்து முறை போட்டான். பாதி சரி, பாதி தப்பு. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

அவன் சிரிக்கவில்லை. "உங்க காதுல ஒண்ணும் கோளாறு இல்லக்கா. அந்த ஒயருலதான் ஒண்ணும் இல்ல" என்றான்.

மறுநாள் கடைக்குப் போய் அதே கேபிளை அதே வார்த்தைகள் சொல்லி விற்றேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு ஆவடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர். வீட்டு ஸ்பீக்கரில் எப்போதும் ஒரு "ங்ங்ங்" சத்தம். கேபிள் மாற்றினால் போய்விடும் என்று ஓனர் சொல்ல, இருப்பதிலேயே பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டார். மாட்டிவிட்டு வர சேகரை அனுப்பினோம்.

மாட்டினான். சத்தம் அப்படியே இருந்தது. டெஸ்டரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியிருக்கிறான். எந்த பிளக்கிலும் எர்த் இல்லை. அந்த வீட்டம்மா ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று பல மாதமாகச் செருப்பு போட்டுக்கொண்டு திறந்துகொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு நாள் லீவு போட்டு எர்த் குழி தோண்டி, ஒயர் இழுத்துக் கொடுத்தான். சத்தம் நின்றது. கேபிளைப் பெட்டியோடு கொண்டுவந்து கடை மேஜையில் வைத்தான், அவருக்கு இது தேவையில்லை என்று.

யாரிடம் சம்பளம் வாங்குகிறாய் என்று ஓனர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"உங்ககிட்டதான் சார். அதுக்காக அந்தம்மா செருப்பு மாட்டிகினே ஃப்ரிட்ஜ தொறக்கணுமா?"

அன்றோடு வேலை போயிற்று. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் அவன் அந்த பெட்ஷீட் பரிசோதனையைப் பற்றிக் குரூப்பில் எழுதினான். யார் வேண்டுமானாலும் உங்கள் கேபிளை எடுத்துக்கொண்டு வாருங்கள், டீ என் செலவு என்றான். ஒருவரும் போகவில்லை. கட்டுக்கதை என்றார்கள். தோற்ற அந்த ஆள் யார், பெயரைச் சொல் என்றார்கள்.

அவன் சொல்லவில்லை. என் வேலை போய்விடுமே என்றுதான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தூக்கினார்கள். அப்போதும் நான் குரூப்பில்தான் இருந்தேன்... படித்துக்கொண்டு.

அந்த ஆள் நான்தான்.

என் பெயர் இந்தப் பதிவின் மேலேயே இருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர்கள் எடுங்கள். ஓனர் படிப்பார், படிக்கட்டும். குரூப்பிலிருந்து தூக்குபவர்கள் தாராளமாகத் தூக்குங்கள். யாருக்குக் காது இல்லை என்று இன்னும் சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள், கேபிளோடு.

ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தே எந்தப் பக்கம் வேலை செய்யவில்லை என்று சொல்பவன் அவன். இரண்டு பஸ் மாறி என் பையனின் பழைய ரேடியோவைச் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்தவன். அது போகட்டும்.

முத்தாபுதுப்பேட்டை வீட்டில் வைத்திருக்கிறார்கள். நாளை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். நாளை நான் கடைக்குப் போகப்போவதில்லை, லீவும் சொல்லவில்லை.

வரேன் சேகர்... மஞ்சுளா பக்கத்தில் நான் இருப்பேன். நீ நிம்மதியாகக் கிளம்பு.