நாய்க்குத்தான் மாத்திரை

நாய் வைத்தியத்தில் முதலில் தேய்வது டாக்டரின் தொண்டைதான். நாயின் கருவைக் கலைக்க வருகிற எல்லோரும் ஒரே ஊசியில் முடிக்கச் சொல்வார்கள், அப்படி ஓர் ஊசி கிடையாது என்று கத்தியே என் குரல் போய்விட்டது. கிளினிக்கைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கும் சக டாக்டர்களே, உங்களுக்கும் இதே கதிதானே?

ஒரே ஊசி

அணுபுரத்திலிருந்து ஓர் அதிகாரி லாப்ரடாரோடு வந்தார். தெரு நாய் சேர்ந்துவிட்டதாம். பழைய ஹார்மோன் ஊசி போட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும், ரத்தம் ஊறுவதே நின்றுபோகலாம் என்றேன். முறையாகச் செய்வதென்றால் ஸ்கேன் பார்த்து, கூடவே இருந்து, பல நாள் ஊசி போட வேண்டும். இனி குட்டியே வேண்டாமென்றால் ஆபரேஷன் நல்லது. அவர் வாட்சைப் பார்த்தார். “மனுஷங்களுக்கே ரெண்டு மாத்திரையில முடிஞ்சிடுது. நாய்க்கு இவ்ளோ பில்டப்பா சார்?”

ரெண்டு மாத்திரை

இதே யோசனை சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்கும் எஸ்தருக்கும் வந்திருக்கிறது. கணவர் இல்லை, துணைக்குக் கருப்பி என்ற நாய் மட்டும். போன ஈத்துக் குட்டிகள் எல்லாம் ரோட்டில் அடிபட்டுச் செத்தன. மறுபடி அதைப் பார்க்கத் தெம்பில்லாமல், மருந்துக்கடையில் மனுஷர்களுக்கான மாத்திரையைக் கேட்டிருக்கிறார். யாருக்கு என்றதற்கு நாய்க்கு என்றாராம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தாராம்.

கருப்பி வாந்தியெடுத்துத் துவண்டதும் ஆட்டோவில் தூக்கி வந்தார். நான் திட்டித் தீர்த்தேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. “புருசன் இல்லாதவளுக்கு எதுக்கு மாத்திரன்னு தெருவே பேசிகினு கீது டாக்டரு. நாய்க்குன்னா ஒருத்தரும் நம்பல.”

ஸ்கேன்

வயிறு வெளியே தெரியாத நாய். ஆனால் ஸ்கேனில் இரண்டு இதயங்கள் துடித்தன. சலைன் ஏற்றினேன், நாயைப் பிழைக்க வைக்கலாம், குட்டிகளுக்கு உறுதி சொல்ல முடியாது என்றேன். வேண்டாமென்று மாத்திரை கொடுத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எப்பிடியாச்சும் இதுங்க பொறக்கணும் டாக்டரு. கண்ணால பாத்தாத்தான் எங்க ஜனம் வாய மூடும்.”

சாட்சி

மறுநாள் காலை கருப்பியைப் பார்க்க எஸ்தர் வீட்டுக்கே போனேன். விடிவதற்குள் குட்டிகள் விழுந்துவிட்டிருந்தன. விழுந்ததைத் தாய் நாய் தின்றுவிடும். கருப்பியும் தின்று, தரையை நக்கித் துடைத்து வைத்திருந்தது. காட்ட ஒன்றும் மிச்சமில்லை. எஸ்தர் அந்த ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலில் கூடியிருந்தவர்களிடம் நானே பேசினேன். நாய் சினையாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். செல்போனில் ஸ்கேன் படத்தைக் காட்டினேன். அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் நாயுடையவை என்று யாருக்கும் தோன்றவில்லை. எதிர்வீட்டுக்காரி படத்தைப் பார்த்தாள், எஸ்தரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். “வூடு தேடி வந்து சொல்றாரே, இந்த டாக்டருக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அக்கற?”

அன்றிலிருந்து மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்குப் பக்கவிளைவுகளை விளக்கமாகச் சொல்கிறேன். அதில் நாய்க்கு வருபவற்றைக் கடைசியில்தான் சொல்கிறேன்.