கெட்ட செய்திக்குக் கைதட்டியவர்

சென்ற வாரம் ஒரு காலை, ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பூ வாங்கிக்கொண்டிருந்தேன். கைபேசியில், எங்கள் ஆலைக் கட்டட வேலையில் இருந்த நாகராஜ் அழைத்தார். "சார், பானு மேடம் தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்." பூக்காரம்மா பொட்டலத்தை நீட்டியபடி இருந்தார். எனக்கு வாங்கத் தோன்றவில்லை.

அன்று மாலையே கிருஷ்ணகிரியில் அடக்கம். எங்கள் ஆலையின் பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தோம். வெளியே நின்று மெல்ல அவரைப் பற்றிப் பேசத் தொடங்கி, சற்று நேரத்தில் சிரித்துவிட்டோம். கூசிப்போய் வாயை மூடிக்கொண்டபோது அவருடைய தம்பி அருகில் வந்தார். "சிரிங்க சார். அக்காவைப் பத்திப் பேசினா வேற என்ன வரும்?" என்றார். அந்த அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஷமீம் பானு எங்கள் வாகன உதிரிபாக ஆலையில் திட்ட மேலாளராக இருந்தார். நான் உற்பத்திப் பிரிவு. அவர் கூட்டம் போட்டால் நாற்காலி கிடையாது. இயந்திரங்களுக்கு நடுவே நின்றபடிதான் பேச்சு. தமிழில் தொடங்கி, கிரேன்காரரிடம் கன்னடத்துக்குத் தாவி, வெல்டரிடம் தெலுங்கில் முடிப்பார். "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு மேடம்" என்று யாராவது சொன்னால் போதும், "அப்போ முடியலை. என்ன பாக்கின்னு சொல்லுங்க" என்பார். 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை நாங்கள் வீட்டில்கூடச் சொல்லப் பயந்தோம்.

பழைய கொட்டகையிலிருந்து குந்தாரப்பள்ளி அருகே கட்டிய புதிய ஆலைக்கு இடம் மாறிய கதை ஓசூர்ப் பக்கம் பலருக்குத் தெரியும். வாடிக்கையாளர் நிறுவனத்துக்குச் சரக்கு ஒரு நாள்கூட நிற்கக்கூடாது. நின்றால் ஆர்டர் பெங்களூரில் வேறொருவருக்குப் போய்விடும். எங்களில் பலருடைய வேலையும் அதோடு போய்விடும். இரும்புத் தகட்டை அழுத்திப் பாகங்களாக்கும் பெரிய பிரஸ்ஸை முதலில் நகர்த்துவதாகத் திட்டம்.

அது கிளம்புவதற்கு முந்தைய வாரக் கூட்டத்தில், கட்டட ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் நாகராஜ் தயங்கித் தயங்கி வாய் திறந்தார். "மேடம், அந்த பெரிய மிஷினுக்குப் போட்ட பவுண்டேஷன்ல போல்ட்டு இடம் மாறிப்போச்சுங்க. ஒடைச்சுதான் திரும்பப் போடணும்."

முதலாளியின் முகம் சிவந்தது. பானு மேடம் கைதட்டினார். ஏதோ பரிசளிப்பு விழாவில் தட்டுவதுபோல, நன்றாகச் சத்தமாக.

"இன்னைக்கே சொன்னாரு பாருங்க! பிரஸ்ஸைக் கிரேன்ல தொங்கவிட்டப்புறம் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்போம்?"

"எனக்குச் சிரிப்பு வரலை மேடம்" என்றார் முதலாளி.

"எனக்கும் வரலை சார். ஆனா இவரைத் திட்டினா அடுத்த தடவை யாரும் வந்து சொல்லமாட்டாங்க."

பிறகு எங்கள் முன்பாகவே வாடிக்கையாளர் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரியை அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் பேச்சு எங்களுக்கும் கேட்டது. அப்புறம் அந்த அதிகாரி, "எந்தப் பாகம் எங்களுக்கு முதல்ல வேணும்னு சொல்றேன் மேடம், அதை முன்கூட்டியே செஞ்சு வெச்சுக்குங்க" என்றார். எதிராளி என்று நாங்கள் நினைத்திருந்தவர் அந்த ஒரு அழைப்பில் எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

வரிசையைத் தலைகீழாக்கினோம். சிறிய இயந்திரங்கள் முதலில் போயின. பெரிய பிரஸ் பழைய கொட்டகையிலேயே இருந்து, அந்த அதிகாரி சொன்ன பாகங்களை அடித்துக் குவித்தது. அதற்குள் நாகராஜின் ஆட்கள் அடித்தளத்தை உடைத்து மறுபடி போட்டு, காயவும் விட்டார்கள். வழியில் மாட்டுச் சந்தை கூடும் நாளில் மட்டும் பிரஸ்ஸை ஏற்றிய டிரெய்லரை எடுக்கக்கூடாது என்றார் மேடம். "மாடுங்க நம்ம பிளானைப் படிக்காதுங்க சார்."

பிரஸ் இறங்கியபோது போல்ட்டுகள் ஒவ்வொன்றும் துளையில் சரியாக உட்கார்ந்தன. நாகராஜ் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மேடம் அவரை அழவிட்டு, பிறகு கன்னடத்தில் என்னவோ சொன்னார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். என்ன சொன்னார் என்று இன்றுவரை நாகராஜ் எங்களிடம் சொல்லவில்லை. சரக்கு ஒரு நாளும் நிற்கவில்லை.

அன்று நான் வீட்டுக்குப் போனால், என் மனைவி வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மேடம் அவளுக்குத் தொலைபேசியில் பேசியிருந்தார். "உங்க வீட்டுக்காரரை ரொம்ப நாளா இரவல் வாங்கி வெச்சிருந்தேன்மா. இன்னைக்குத் திருப்பி அனுப்பிட்டேன். சேதாரம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க." அன்று எங்கள் எல்லோர் வீட்டுக்கும் அப்படி அழைத்திருக்கிறார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. தளியில் ஒரு ஃபிட்டரின் அம்மாவுக்குக் கன்னடத்தில்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் இந்த அழைப்புதான். நேற்று எங்கள் புதிய பெயின்ட் பிரிவு ஓடத் தொடங்கியது. என் குழுவில் இருக்கும் கவிதாவின் கணவரை அழைத்து, "உங்க வீட்டம்மாவை அனுப்பிட்டேங்க" என்றேன்.

"அப்பாடா! இனி என் சமையலை நானே சாப்பிட வேண்டியதில்லை" என்றார். பின்னாலிருந்து குழந்தைகள் ஹோவென்று கத்தும் சத்தம் கேட்டது.