பெரட்டுக்கு வந்தவருக்கெல்லாம் ஆட்டம்

ஜோகூரில் கோத்தா திங்கியிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. விலை விழுந்ததும் கூலிகளுக்கு வேலை குறைந்தது. துரைக்கும் வேலை குறைந்தது. கூலிகள் வேலையில்லாமல் அரை வயிறு சாப்பிட்டார்கள். துரை வேலையில்லாமல் விளையாட்டு யோசித்தார். ஆளாளுக்கு ஒரு கஷ்டம்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குட்டை மட்டையும் ஒரு தோல் பந்தும் வந்து சேர்ந்தன. பின்னாலேயே துரையும் வந்தார். ஆட்டத்தின் பெயர் ரவுண்டர்ஸ் என்றார். ஒருவன் பந்தை வீசுவான், ஒருவன் அடிப்பான். அடித்தவன் நாலு கம்புகளையும் சுற்றி ஓடிவந்தால் ஒரு சுற்று. பந்தை யாராவது பிடித்துவிட்டால் அடித்தவன் அவுட். கட்சிக்கு ஒன்பது பேர். கட்சிக்கு இரண்டு முறை மட்டை. தெப்ராவ் பக்கத்துத் தோட்டத் துரையோடு ஒரு பெட்டி விஸ்கி பந்தயம் கட்டியிருப்பதையும் அதே மூச்சில் சொன்னார். தமிழைக் கூலிகளிடம் வேலை வாங்கும் கங்காணிகளிடம் கற்றவர் என்பதால் அவருக்கு ஏவத்தான் தெரியும், பேசத் தெரியாது.

"வாத்தியார், நீ ஜெயிக்கணும். தோத்தா மட்டை ஸ்டோருக்குப் போவும். ஜெயிச்சா ஆடுற பிள்ளைங்க எல்லாம் வருசக் கடைசி வரைக்கும் பள்ளிக்கூடம். காட்டு வேலைக்கு நான் கூப்பிட மாட்டேன்."

இந்தக் கடைசி வாக்கு சின்ன விஷயமில்லை. மற்ற ஊர்களில் பிள்ளைகள் பரீட்சை எழுதிப் படிப்பை முடிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் உயரத்தால் முடிப்பார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கோட்டுக்குக் கை எட்டிவிட்டதா, படிப்பு பூர்த்தி. கை எட்டாத பிள்ளைக்குப் புல் வெட்ட எட்டும். அதற்குக் குனியத் தெரிந்தால் போதும்.

முதல் நாள் பயிற்சியில், உலகம் அறியாத வாத்தியார் யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நன்றாக ஓடுகிற ஒன்பது பேரைப் பொறுக்கி ஆடவிட்டேன். மற்றவர்களை ஓரமாக உட்காரவைத்து, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் தகப்பன்மார் கூட்டம்.

"வாத்தியாரே, எம்மவன் வந்து நின்னானா இல்லியா?" என்றார் முன்னால் நின்றவர்.

"நின்னான்."

"நின்னவனுக்கு வேலை குடுக்கணும்லா. பெரட்டுக்கு வந்தவன ஒக்கார வைக்கிறது என்னா நியாயம்?"

பெரட்டு என்றால் விடியுமுன் ஆள் எடுக்கும் வரிசை. அதில் வந்து நின்றவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக்கூடாது என்பது தோட்டத்தில் எழுதப்படாத சட்டம். மிக அருமையான சட்டம். அந்த வாரம்தான் துரை பெரட்டில் நின்றவர்களில் பாதிப் பேரை, வேலை இல்லை போ என்று திருப்பி அனுப்பியிருந்தார். அப்போது இதே தகப்பன்மார் இந்தச் சட்டத்தை மடியில் பத்திரமாக முடிந்துகொண்டு வாய் திறக்காமல் லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். துரையிடம் காட்டாமல் மிச்சம் பிடித்த வீரம் முழுவதையும் என்னிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் கேட்டதில் தப்பு என்ன என்று யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அதில் கோபம் இன்னும் கூடியது.

பெரிய கங்காணி மட்டும் அந்தக் கூட்டத்தில் வரவில்லை. பெரிய மனிதர்கள் கூட்டத்தில் வருவதில்லை. மறுநாள் ஒரு தார் வாழைப்பழம் வந்தது; அதற்குப் பின்னால் அவர் வந்தார்.

"பையன் ரொம்ப ஆசப்படுறான் வாத்தியாரே," என்றார். "அடிக்கிறான், அடிக்கல, அது வேற விசயம்."

அது வேற விஷயம்தான். அவர் மகன் தங்கமான பையன். நல்ல சாப்பாட்டு வீட்டுப் பிள்ளை. முதல் கம்புக்கு ஓடுவான், இரண்டாவதற்கு நடப்பான், மூன்றாவது கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான். நாலாவது கம்பை அவன் நேரில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். முதல் தடவை மட்டை பிடிக்க ஒன்பது பேர், இரண்டாம் தடவைக்கு வேறு ஒன்பது பேர். எல்லாருக்கும் ஆட்டம், ஆனால் பாதி ஆட்டம். துரையிடம் சொன்னேன். யார் ஆடினாலும் அவருக்குக் கவலை இல்லை. விஸ்கிப் பெட்டி எந்தப் பக்கம் வருகிறது என்பதுதான் கவலை. சம்மதித்தார். ஆனால் என் பள்ளிக்கூடத்தில் மட்டையைத் தூக்கத் தெம்புள்ளவர்கள் பதினேழு பேர்தான். ஒரு ஆள் குறைந்தது.

அந்த ஒரு ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பயிற்சியின்போது ஒருநாள் பந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டது. அங்கே பெண்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுபெண் பந்தை எடுத்து நின்ற இடத்திலிருந்தே வீசினாள். அது வந்து நடுக் கம்பில் பட்டுக் கம்பு சாய்ந்தது. யார் என்று பார்த்தால், போன வருஷம் வரை என்னிடம் படித்தவள். பன்னிரண்டு வயதிருக்கும். தகப்பன் இல்லை. புல் வெட்டும் கத்தியை நாள் முழுக்க வீசி வீசி அவள் தோளுக்கு அப்படி ஒரு பலம் வந்திருந்தது.

துரையிடம் கேட்டு, தினமும் பாதி நாள் அவளை ஆட்டத்துக்கு வாங்கினேன். வந்த முதல் நாள், நான் நீட்டிய மட்டையை அவள் பார்க்கவேயில்லை.

"வாத்தியாரய்யா, மூணாம் புத்தகத்துல இப்ப எந்தப் பாடம் நடக்குது?"

"நீ விட்டதுக்கு அப்புறம் நெறையப் போயிடுச்சும்மா."

"புத்தகம் குடுத்தீங்கன்னா அதெல்லாம் படிச்சிடுவேன்." பிறகுதான் மட்டையை வாங்கினாள். "ஜெயிச்சா நானும் பள்ளிக்கூடமாங்கய்யா? இல்ல, அவங்க மட்டுமா?"

"ஆடுற எல்லாரும்தான். நீயும்தான்."

அன்றிலிருந்து அவள் அடித்த அடியைப் பார்த்து மற்ற பிள்ளைகள் தூரப் போய் நிற்கப் பழகினார்கள். மற்றவர்கள் பந்தை அடித்தார்கள். அவள் புல்லை, கத்தியை, பெரட்டை எல்லாவற்றையும் சேர்த்து அடித்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பயிற்சி முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். இவள் மூன்றாம் புத்தகத்தோடு வந்து, புரியாத இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள்.

பந்தய நாளன்று தெப்ராவ் பக்கத்துத் தோட்டத்தார் லாரியில் வந்து இறங்கினார்கள். சரியாக ஒன்பது பிள்ளைகள். இரண்டு பேருக்கு மீசை அரும்பியிருந்தது. ஆரம்பப் பள்ளியில் அவசரப்படாமல் படிக்கிற பிள்ளைகள் போலும். அவர்களுடைய வாத்தியார் வெற்றிலை போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார். அவருக்கு முறை பிரிக்கிற தொல்லை இல்லை. வெயிலில் நின்று வியர்த்தது நான்தான். என் முதுகுக்குப் பின்னால் தகப்பன்மார் வரிசையாக நின்று, அவரவர் பிள்ளை மட்டை பிடித்த நேரத்தை அடுத்தவர் பிள்ளையின் நேரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவையில் அவள் இருந்தாள். மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருவராக அவுட்டாகி வந்த பிறகும் அவள் தனியாக நின்று அடித்தாள். அந்தப் பாதி முடிந்தபோது நாங்கள் சரிக்குச் சரியாக இருந்தோம். பிறகு மீசைக்காரர்கள் இரண்டாம் தடவை மட்டை பிடித்து நன்றாகவே அடித்து வைத்தார்கள். இனி எங்களுடைய இரண்டாம் ஒன்பது. என் ஏற்பாட்டின்படி அவளுடைய ஆட்டம் முடிந்துவிட்டது.

மட்டையைக் கேட்டேன். "தர்றேங்கய்யா," என்றாள். கை மட்டும் மட்டையை விடவில்லை. தோற்றால் மறுநாள் காலை யார் கையில் புல் வெட்டும் கத்தி இருக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆக, இரண்டாம் ஒன்பதில் ஒருவரை உட்காரவைக்க வேண்டும். யாரை? இரவல் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்து காத்திருக்கிற பொடியனையா? பயிற்சிக்கு ஒரு நாள்கூடத் தவறாத நொண்டிக்கால் பையனையா? அவர்களுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் பெரிய கங்காணியின் மகன் ஒருவன்தான். அவனை உட்காரவைத்தால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நேரே பெரிய கங்காணியிடம் போனேன். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன்.

"துரை நாற்காலிக்குப் பக்கத்துல நின்னு கொடி பிடிக்க ஒரு பொறுப்பான பையன் வேணுங்க. சுற்று விழும்போதெல்லாம் கொடிய ஆட்டணும். கண்ட பையனத் துரை பக்கத்துல நிறுத்த முடியுமா? அதான் யோசிக்கிறேன்."

"அலமாக்! இத மொதல்லயே சொல்றதில்லையா?" என்றார். மகனை அவரே கையைப் பிடித்து அழைத்துப்போய்த் துரைக்கு வலதுபுறம் நிறுத்திவிட்டு வந்தார். கொடி என்று ஒன்றும் இல்லை. என் மேல்துண்டைக் கழற்றிக் கொடுத்தேன். ஓட வேண்டியதில்லை என்று பையனுக்கும் சந்தோஷம். அன்று மைதானத்தில் மனக்குறை இல்லாத குடும்பம் அது ஒன்றுதான்.

இரவல் சட்டைப் பொடியன் முதல் பந்திலேயே அவுட்டானான். நொண்டிக்கால் பையன் ஒரு முழுச் சுற்று ஓடி முடித்தான். அவன் தகப்பன் வாய்விட்டு அழுதார். கடைசியில் அவள் வந்தாள். மேல்துண்டு ஓயாமல் ஆடியது. அவள் கடைசியாக அடித்த பந்து வேலியையும் தாண்டிக் கால்வாயில் விழுந்து காணாமலே போயிற்று. ஜெயித்துவிட்டோம். கொடி ஆட்டியதையும் ஆட்டத்தில் சேர்த்தால், எல்லாரையும் ஆடவைத்தும் ஜெயித்தவன் ஜோகூர் முழுக்க நான் ஒருவன்தான் என்று எனக்குத் தலை கனத்தது. அந்தக் கனத்தை ஒரு கால்மணி நேரம் சுமந்திருப்பேன்.

துரை அவளைக் கூப்பிட்டார். அவள் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தக் கரிசனம்.

"நல்ல கை. இது புல்லு வெட்டுற கை இல்ல," என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. "நாளைக்கிருந்து பால் வெட்டட்டும். பெரிய பொம்பளைங்க வரிசை. முழு ஆள் சம்பளம்."

கூட்டம் கைதட்டியது. ஆளுக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புகிற காலத்தில் முழு ஆள் சம்பளம்! அவள் தாய் ஓடிவந்து துரையின் காலில் விழுந்தாள்.

"துரை," என்றேன், "ஜெயிச்சா ஆடுன பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்னு சொன்னீங்க."

"மத்தவன் எல்லாம் பள்ளிக்கூடம். நான் சொன்னா சொன்னதுதான்," என்றார் துரை பெருந்தன்மையாக. "இவளுக்கு மட்டும் இனாம்."

தாய் எழுந்து என் பக்கம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "கெடுத்துடாதீங்க வாத்தியாரய்யா. வீட்டுல சின்னது ரெண்டு இருக்கு," என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. துரை மேல் இருந்தது. இன்னும் இருக்கிறது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம், வாயை மூடிக்கொண்டதுதான். சட்டத்தை மடியில் முடிந்துகொண்ட தகப்பன்மாரை அவ்வளவு கேலி செய்தவன் நான்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்துப் பக்கம் போனேன். பெரிய பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றாள். வாளி அவள் முழங்காலில் இடித்தது. என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு இரண்டடி வந்தாள்.

"வாத்தியாரய்யா, நான் கொஞ்சம் மெதுவா அடிச்சிருக்கணுமோ?"

"நீ நல்லாத்தாம்மா அடிச்சே," என்றேன்.

"அதாங்கய்யா கேக்குறேன்," என்றாள்.