இடது பக்கம் சாயும் தலை

பெரிய டாக்டர் கேள்வி கேட்டதும் அந்த ஆண் நர்ஸின் தலை மெல்ல இடது பக்கம் சாயும். ஏதோ ஆழ்ந்து யோசிப்பதைப் போலிருக்கும். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு தலை நிமிரும், பதில் வரும். பதில் சரியாகவும் இருக்கும்.

"எவ்வளவு பணிவு பாரு!" என்றார் கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர்.

பணிவாம், பணிவு! அதிகப் பணிவைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சொன்னால் அவர் எங்கே கேட்கிறார்? "பால்காரர் சிரிச்சாலே பால்ல தண்ணின்னு சொல்றவளாச்சே நீ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவருக்குக் குடலிறக்க அறுவை. முக்காலியில் உட்கார்ந்து வார்டை வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை. அங்கே பெண் நர்ஸ்கள் எல்லாரும் சிஸ்டர். தலை சாய்க்கும் இவர் ஒருவர்தான் பிரதர். ஆனால் நோயாளிகள் இவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். "நான் டாக்டர் இல்லைங்க" என்று இவர் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார். சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. நாள் முழுக்க வார்டில் நிற்கிற நர்ஸின் சட்டை அப்படி எப்படி இருக்கும்?

மலத்தட்டு எடுக்க வேண்டுமென்றால் சீனியர் சிஸ்டரைத் தேடுவார். "அக்கா, நீங்க வாங்க. உங்க கைராசி யாருக்கு வரும்?"

"ஐஸ் வைக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அக்கா தட்டை எடுப்பார். பழைய இன்சார்ஜ் ஓய்வு பெற்றதிலிருந்து வார்டை நடத்துவது அந்த அக்காதான். காலியான இன்சார்ஜ் பதவிக்குப் போட்டியும் இந்த இருவருக்குள்தான்.

முடிவு செய்ய வேண்டியவர் நர்ஸிங் சூப்பரிண்டெண்ட் அம்மா. ஒரு நாள் எங்கள் கட்டில் பக்கம் நின்று தன் உதவியாளரிடம் சொன்னார்: "இத்தனை பொம்பளைங்களைக் கட்டி மேய்க்க ஒரு ஆம்பளை இருந்தாத்தான் சரிப்படும். எதுக்கும் நாளைக்கு ரவுண்ட்ஸ்ல ரெண்டு பேரையும் பார்த்துடறேன்." சொன்னது ஒரு பெண்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த அக்காவின் காதிலும் அது விழுந்தது.

சாயங்காலம் ஊசி போட வந்த அக்காவிடம் கேட்டே விட்டேன். "பிரதர் தலை ஏன் எப்பவும் இடது பக்கமே சாயுது?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பக்கம் பின்னாலதானே நான் நிக்கிறேன்? நான் காதுல சொல்லுவேன், அவர் வாயால சொல்லுவார். நோயாளிக்கு நல்லது நடந்தாச் சரின்னு விட்டுட்டேன்மா."

"நாளைக்கும் சொல்லுவீங்களா?"

"சொல்லாம? என் வாய்க்கு என்ன குறைச்சல்?" என்று ஊசியைக் குத்தினார். வீட்டுக்காரர் 'ஐயோ' என்றார்.

மறுநாள் ரவுண்ட்ஸ். பக்கத்துக் கட்டிலில், வயிற்றில் பெரிய அறுவை முடிந்த முதியவர் அரை மயக்கத்தில் கிடந்தார். டாக்டரின் தோளோடு தோளாகப் பிரதர். எதிரே சூப்பரிண்டெண்ட் அம்மா.

"காத்து பிரிஞ்சுதா? தண்ணி குடுக்க ஆரம்பிக்கலாமா?" என்றார் டாக்டர்.

தலை இடது பக்கம் சாய்ந்தது. அங்கே குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பிதான் நின்றது. பிரதர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "பிரிஞ்சிடுச்சு டாக்டர். குடுக்கலாம்."

"இன்னும் பிரியல டாக்டர்." குரல் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. முதியவரின் வயிற்றில் கை வைத்தபடி அக்கா நின்றிருந்தார். "வயிறு உப்பித்தான் இருக்கு. இப்போ தண்ணி குடுத்தா வாந்தி எடுத்துடுவார்."

டாக்டர் குனிந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். சூப்பரிண்டெண்ட் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டாக்டர் முதன்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்து, "காய்ச்சல் எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டார்.

கேள்வி தன்னிடம் இல்லை. ஆனாலும் பிரதரின் தலை மறுபடி இடது பக்கம், அந்தக் கம்பியை நோக்கிச் சாய்ந்தது.