தம்பியின் நகர்வுக்குக் காத்திருந்தவர்

வேலைக்குப் புறப்படும் நேரத்தில் கமலா தொலைபேசியில் அழைத்தாள். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவள். எங்கள் வீட்டில் முன்பு கீழ் அறையில் இருந்தவள்.

“அண்ணை, உங்கட ரஷ்யாக்காரர் விடிய மோசம் போயிட்டார். பக்கத்தில ஒருத்தரும் இல்லை. நான்தான் கண்ணை மூடிவிட்டனான்.”

லண்டன் லூயிஷாமில் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு மேல்மாடி நிக்கொலாய் அந்திரேயெவிச்சைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிரபுக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் ஜார் மன்னரின் குதிரைப்படையில் அதிகாரியானவர். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்று, கருங்கடலில் கப்பலேறித் தப்பினார். பாரிஸில் பகலில் டாக்சி ஓட்டி, மாலையில் காபிக் கடைகளில் சதுரங்கம் ஆடி, மாஸ்டர் என்று பெயர் எடுத்த பிறகுதான் லண்டன் வந்தார். தொண்ணூற்றைந்து வயது வரை தனியாகவே இருந்தார்.

ஒருமுறை சதுரங்கக் கழகம் ஒன்றுக்கு அவரைக் கூட்டிப் போனேன். வென்றுகொண்டிருந்த ஆங்கிலேயர் இரக்கப்பட்டு, சமநிலையில் முடிக்கலாம் என்று கை நீட்டினார். இவர் அந்தக் கையைப் பற்றவில்லை. “என் காய்களோடு ஆடுங்கள், என் வயதோடு ஆடாதீர்கள்” என்றார். அரை மணி நேரத்தில் தோற்றார்.

யாழ்ப்பாணத்தில் என் தம்பியை ராணுவம் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்த அன்று, போக இடமில்லாமல் அவர் அறைக்குப் போனேன். அங்கே எவரையும் தொடவிடாத ஒரு சதுரங்கப் பலகை இருந்தது. அதன் கதையை அன்றுதான் சொன்னார். ரஷ்யாவிலேயே தங்கிவிட்ட தம்பி அலெக்சேயோடு தபாலில் ஆடிய ஆட்டம் அது. கடிதத்துக்கு ஒரு நகர்வு. 1930களில் கடிதம் நின்றுபோனது.

“இன்னும் நம்பிக்கை இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“இல்லை. ஆனால் அடுத்த நகர்வு அவனுடையது. அதை நான் ஆட முடியாது.”

சோவியத் யூனியன் உடைந்த பிறகு, அலெக்சேயின் மகளிடமிருந்து கடிதம் வந்தது. பூதக்கண்ணாடியை வைத்து அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எனக்கு மொழிபெயர்த்தார். வெளிநாட்டுக்குச் சங்கேத மொழியில் செய்தி அனுப்பியதாகக் குற்றம் சாட்டி அலெக்சேயைச் சுட்டிருந்தார்கள். சான்றாக வைத்தவை கடிதங்களில் இருந்த சதுரங்கக் குறிப்புகள்.

“நான் எழுதியவைதான்” என்றார்.

பலகையிலிருந்த காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். அதன்பின் ஆடவே இல்லை. எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். எங்களிடம் கேட்டுப் பழகிய ஒரே தமிழ்ச் சொல்லால் பதில் சொல்வார்: “ஏலாது.” பிறகு சாப்பாட்டுக்கும் அதையே சொன்னார்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும், உங்கள் மீது தவறில்லை என்றெல்லாம் சொன்னேன். கையை உயர்த்தி நிறுத்தினார். “ஆறுதல் வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு என்ன எழுதுகிறீர்கள்?”

தம்பி எங்கோ பத்திரமாக இருக்கிறான் என்று எழுதுவதாகச் சொன்னேன்.

“அது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடக்கத்துக்கு ஒரு பாதிரியாரும் கமலாவும் நானும் அந்த வீட்டில் இருந்த இன்னொருவரும்தான் போனோம். அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நேற்று அம்மாவுக்கு எழுதினேன்: “தம்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது அம்மா. இதுவரை எழுதினது எல்லாம் பொய்.” அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டு வரிகள்தான். கடிதம் இந்நேரம் பாதி வழியில் இருக்கும்.