தட்டு வைத்து நீக்கிய மேனேஜர்

கைதட்டலுக்கு ஆசைப்படாதவன் என்று என்னைப் பற்றி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுபதுகளின் நடுவில் இரண்டு கோடைகாலம் எங்கள் ஊர் கால்பந்து அணிக்கு நான் மேனேஜராக இருந்தேன். அந்த இரண்டு கோடையிலும் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர்க்காரர்கள் எனக்காக ஒரு தடவை கைதட்ட வேண்டும். அதற்குக் குறுக்கே ஒரு மனிதர் நின்றார். அவரைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் பாகூருக்குப் பக்கம். பங்குனிக் கடைசியில் ஏரி வற்றிவிடும். மாட்டுக் குளம்படிகளை மண்வெட்டியால் சமன்செய்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு மூங்கில் நட்டால் மைதானம் தயார். சுற்றுப்பட்ட ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு டீம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேட்ச் நடக்கும். ரெஃப்ரியாக இருந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சிப்பாய், எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். இஸ்திரி போட்ட அரை டிரவுசரில் வருவார், கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார். என்ன திட்டினார் என்று புரியாததால் யாரும் அவரோடு சண்டைக்குப் போனதில்லை.

எனக்கு முன்னால் மேனேஜராக இருந்தவர் ஒரு கரும்பு விவசாயி. ஐம்பது வயது, பெரிய உடம்பு, சொந்தமாக டிராக்டரும் டிரெய்லரும் உண்டு. மூன்று வருஷம் மேனேஜராக இருந்து அவர் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். எதிர் டீம் வந்த வண்டி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டதால் சொல்தா எங்களுக்கு வெற்றி என்று விசில் ஊதினார். அதற்கும் இவர் வருத்தப்பட்டார். “பாவம்பா, ஆசையா கெளம்பி இருப்பானுங்க” என்றார்.

ஆட்டத்தைப் பற்றி அவருக்கு இரண்டு கொள்கைகள் இருந்தன. முதலாவது, வயிறு நிறையச் சாப்பிட்டவன்தான் ஓடுவான் என்பது. மேட்ச் அன்று மதியம் பதினோரு பேரையும் தன் வீட்டில் உட்கார வைத்துக் கறிக்குழம்பும் சோறும் போடுவார். பாதி ஆட்டத்தில் எங்கள் லெஃப்ட் பேக் ஏரிக்கரை ஓரம் குனிந்து நிற்பான். இரண்டாவது, எல்லோரும் முன்னால் போக வேண்டும் என்பது. “கோல் அங்கதான கீது? பின்னால நின்னுகினு இன்னா பண்றீங்க?” என்று கத்துவார். கோல்கீப்பர்கூடப் பாதி மைதானம் வரை போய்விட்டு மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வருவான். எதிராளி கோல் அடித்தால் முதலில் கைதட்டுவது இவராகத்தான் இருக்கும்.

தோற்றதும் அழுவார். கண்ணில் நீர் கோர்ப்பது, தொண்டையைச் செருமுவது எல்லாம் இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, ஏரியிலிருந்து ஊர் வரைக்கும் டிரெய்லரில் உட்கார்ந்து அழுவார். மேட்ச் பார்க்க வந்த நாற்பது ஐம்பது பேரும் அதே டிரெய்லரில் நின்றுகொண்டு அவரைத் தேற்றுவார்கள். ஒருவர் முதுகைத் தடவுவார், ஒருவர் சோடா உடைத்துக் கொடுப்பார். “அடுத்த வாரம் பாத்துக்கலாம் வுடுங்க” என்பார்கள். ஊர் எல்லையில் பிள்ளையார் கோயில் வரும்போது அழுகை நிற்கும். அவரவர் வீட்டுக்கு நிம்மதியாகப் போவார்கள். தோற்ற ஊரைப்போலவே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கோல் வாங்கினோம். அன்று கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் ஒரு வாத்தியாரும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரும் அரிசி மண்டிக்காரர் ஒருவரும். மேனேஜரை மாற்றிவிட்டு என்னைப் போடுவது என்று முடிவாயிற்று. நான் பாகூர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன். டவுன் கல்லூரியில் இரண்டு வருஷம் பந்து விளையாடியவன். அதுதான் என் தகுதி.

அவரை நீக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. போய்ச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. “ஒரு மனுஷன் வூட்டுக்கு வெறுங்கையோட போயி எப்படிப்பா இந்தப் பேச்ச எடுக்கறது?” என்றார் வாத்தியார். எங்கள் பக்கத்தில் நல்லதோ கெட்டதோ பெரிய விஷயம் பேசப் போனால் தட்டு எடுத்துக்கொண்டுதான் போவார்கள். அதனால் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு பழம், எங்கள் கடையிலிருந்து சரிகை வேட்டியும் துண்டும், கதம்ப மாலை ஒன்று என்று தட்டு சேர்ந்தது. நான் போகவில்லை. கமிட்டி மூவரும் போனார்கள்.

அங்கே நடந்ததை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான். வாத்தியார் மாலை போட்டார். மூன்று வருஷச் சேவையைப் பாராட்டிப் பேசத் தொடங்கினார். பேசப் பேச அவருக்கே நெகிழ்ந்துவிட்டது. அதற்குள் அந்த வீட்டு அம்மா வடையும் காப்பியும் கொண்டுவந்தார். வடையைத் தின்றுகொண்டே வாத்தியார், “இனிமே நீங்க ரெஸ்ட் எடுக்கணும்” என்றார். “எனக்கு இன்னாங்க ரெஸ்ட்டு, நான் நல்லாத்தான இருக்கறேன்” என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வந்து என்னிடம், “சொல்லியாச்சு” என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது வேட்டி கட்டிக்கொண்டு அவர் ஏரிக்கு வந்து, பையன்களை வரிசையில் நிற்க வைத்தார். கமிட்டி மூவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் நான் போய்ச் சொன்னேன்.

“அண்ணே, இன்னிலேர்ந்து நான்தான் மேனேஜர்.”

“அப்டியா? மாலையெல்லாம் போட்டாங்களே தம்பி.”

“அது… அதுக்குத்தான் போட்டாங்க.”

அவர் குனிந்து இடுப்பிலிருந்த புது வேட்டியைப் பார்த்துக்கொண்டார். “வேட்டிய திருப்பிக் குடுக்கணுமா?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். அவர் ஏரிக்கரை மேல் ஏறிப் பனைமரத்தடியில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போக முடியாது, சனங்களை டிரெய்லரில் கொண்டுவந்தவர் அவர்தான், திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மைதானத்து ஓரத்தில் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறி அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கீழே நானும் பதினோரு பேரும் பாதி ஆட்டத்தில் அவர்கள் சப்ப நறுக்கி வைத்த ஒரு எலுமிச்சம்பழத் தட்டும் மிச்சம். மறுநாள் காலைக்குள், துணிக்கடைக்காரன் வேட்டியை அவிழ்க்கச் சொன்னான் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

நாங்கள் ஜெயிக்கத் தொடங்கினோம். கறிக்குழம்பை நிறுத்தினேன். காலையில் ஏரியைச் சுற்றி ஓட வைத்தேன். நான்கு பேரைப் பின்னால் நிற்க வைத்தேன், கோல்கீப்பரை மூங்கிலுக்கு நடுவில் இருக்கச் சொன்னேன். அடுத்த மேட்சிலேயே ஏம்பலம் ஊர் டீமை ஒரு கோலில் ஜெயித்தோம். நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை, அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்ததற்கு என்ன அழுகை என்று போய்க் கேட்டேன். “அந்தப் பசங்கள பாரு தம்பி, எம்மாந் தூரம் வந்து தோத்துட்டுப் போறானுங்க” என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கும் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடை முழுக்க இதேதான் நடந்தது. நாங்கள் ஜெயிப்போம், அவர் எதிராளிக்காக அழுவார், ஊர் அவரைத் தேற்றும். என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை, நான் அங்கே இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை.

சோறுதான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவர் வீட்டுக் கறிச்சோறு, மேட்ச் பார்க்க வந்தவர்களுக்கும் கிடைக்கும். நானும் ஒரு வெற்றிக்குப் பிறகு கடைக்குப் பின்னால் பந்தல் போட்டு பிரியாணி போட்டேன். எல்லோரும் வந்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள், அவருக்கு ஒரு இலை கட்டி எடுத்துக்கொண்டார்கள். கை கழுவிய ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, “கறி நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா அழுவறதுக்கு யாரு இருக்காங்க இங்க?” என்றார்.

மறு கோடை அவர் கடைக்கு வந்தார். அவர் மனைவிக்குப் பிறந்த ஊர் கரையாம்புத்தூர். அந்த ஊர் டீமுக்கு அவரை மேனேஜராகக் கூப்பிட்டிருக்கிறார்களாம். “மாப்ளய கேக்காம யாரக் கேப்போம்னு சொல்றாங்க. நீ வேணாம்னா போவல தம்பி” என்றார். தொல்லை விட்டது என்று நான் சந்தோஷமாகப் போகச் சொன்னேன். காப்பிகூட வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்கு நல்ல இடம் உண்டு.

கரையாம்புத்தூர்ப் பையன்கள் நல்ல ஆட்டக்காரர்கள். ஊர் மாப்பிள்ளைக்குத் தர வேண்டிய மரியாதையை ஒரு குறையும் இல்லாமல் தந்தார்கள். நாற்காலி போட்டார்கள், இளநீர் வெட்டினார்கள், அவர் சொன்னதற்கெல்லாம் சரிங்க மாமா என்றார்கள். ஆட்டத்தை மட்டும் அவர்கள் இஷ்டத்துக்கு ஆடினார்கள். இப்படி ஆடி அந்தக் கோடைக் கோப்பையின் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். நாங்களும் வந்திருந்தோம்.

அந்த வாரம் எங்கள் ஊர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நாம் ஜெயிக்க வேண்டும், ஆனால் அவர் தோற்கக் கூடாது. பிள்ளையாருக்கு இரண்டு டீமுக்கும் ஒவ்வொரு சிதறுதேங்காய் உடைத்தார்கள். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

“டிராவுல முடிச்சிடுப்பா.”

“ஃபைனல்ல டிரா கிடையாதுண்ணே.”

“நீ மனசு வெச்சா முடியும்.”

நான் மனசு வைக்கவில்லை. இந்த ஒரு மேட்சில் அவரை நேருக்கு நேர் ஜெயித்துவிட்டால் இவர்கள் என்னைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. அவர் இன்னும் எங்கள் ஊரில்தான் குடியிருந்தார். ஃபைனல் அன்று எதிர் டீம் மேனேஜரின் டிரெய்லரில்தான் எங்கள் ஊர் ரசிகர்கள் ஏரிக்கு வந்து இறங்கினார்கள். நானும் என் பையன்களும் சைக்கிளில் போனோம்.

ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கும்வரை கோலே விழவில்லை. அப்போது அவர்கள் ஆள் ஒருவன் பந்தைக் கையால் தட்டிவிட்டான். சொல்தா பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடிவந்து எங்களுக்கு பெனால்டி கொடுத்தார். அடிக்கப் போனவன் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. பந்தை வைத்துவிட்டு அவன் என்னைப் பார்க்கவில்லை, பழைய வழக்கப்படி அவரைப் பார்த்தான். அவரும் பழைய வழக்கப்படி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“பயப்படாதடா! அவன் வலது பக்கமா அடி, அவனுக்கு அந்தத் தோளு வலிக்குதுடா!”

சொல்லி முடித்த பிறகுதான் தன் கோல்கீப்பரைத்தான் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. “மாமா!” என்று அந்தப் பையன் அலறினான். அவன் அவருடைய மச்சினன் மகன். அலறிய சூட்டோடு தன் வலது பக்கமே பாய்ந்தான். எங்கள் ஆளும் அந்தப் பக்கம் அடிக்கத்தான் ஓடினான், கால் வழுக்கியது, பந்து மறு பக்கம் மெதுவாக உருண்டு மூங்கிலுக்குள் போய்விட்டது.

விசில் ஊதியதும் எங்கள் ஊர் மொத்தமும் கரையிலிருந்து இறங்கி ஓடி வந்தது. கோல் அடித்தவனைத் தாண்டி ஓடியது, என்னைத் தாண்டியும் ஓடியது. துண்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்த அவரை ஆறு பேர் சேர்ந்து தோளில் தூக்கினார்கள். தோற்ற மேனேஜரை ஜெயித்த ஊர் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. அவருடைய மாமனார் ஊர்க்காரர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் நடந்தார்கள். கொம்யூன் அதிகாரி கொடுத்த கோப்பையை வைத்துக்கொண்டு நான் நடு ஏரியில் நின்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் அந்த ஊரையே வெறுத்தேன்.

தோளில் வந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். “எறக்குங்கடா” என்றார். இறங்கி என் எதிரில் வந்து நின்று, சிவந்த கண்ணோடு எல்லோரையும் திரும்பிப் பார்த்தார்.

“ஜெயிச்சது இவன்டா. இன்னா ஒருத்தனும் கை தட்டல? தட்டுங்கடா.”

தட்டினார்கள். அவர் சொன்னதற்காகத் தட்டினார்கள், அவர் போதும் என்று சொல்லாததால் நிறுத்தாமல் தட்டினார்கள். இரண்டு வருஷம் காத்துக் கிடந்தது, அவர் வாங்கிக் கொடுத்து எனக்குக் கிடைக்கிறது. காதெல்லாம் சூடாகிவிட்டது. வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, அழுகை வந்தது. அதுவும் அடக்கமான அழுகை இல்லை.

உடனே கைதட்டல் நின்றது. “அய்யய்யோ, தம்பி அழுவுதுபா” என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த நிமிஷம் அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ முதுகைத் தடவினார்கள், யாரோ சோடா உடைத்தார்கள். என்னை டிரெய்லரில் ஏற்றி உட்கார வைத்தார்கள். எதற்கு அழுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. “சரி வுடு, சரி வுடு” என்று மட்டும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாதி வழியிலேயே என்னால் அழுகையை நிறுத்தியிருக்க முடியும். ஊர் வந்து சேரும்வரை நான் நிறுத்தவில்லை.