சாப்பாட்டுக் கூடைக்கு ஒரு பாதை

பாலக்கரையிலிருந்து பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போக அந்தக் காலத்தில் இரண்டு வழி. ஒன்று கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போகும் பெரிய ரோடு. மற்றது வாய்க்கால் கரை. கரைவழி பாதி தூரம்தான் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை அந்தப் பக்கமே திருப்பினார்கள். நடக்கிறவர்களும் அதிலேயே நடந்தார்கள். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பரக்கத் அலியின் வாழைத் தோட்டத்து முள்வேலி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வேலியில் சாய்ந்து நின்றுதான் வழிவிட வேண்டும்.

சகாயம்மாள் அந்தக் கரையில் தலைச்சுமையோடு நடந்தவள். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற ஆண்களுக்கு அவரவர் வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது அவள் பிழைப்பு. காலையில் வீடு வீடாகப் போய்த் தூக்குச்சட்டிகளை வாங்கிக் கூடையில் அடுக்குவாள். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் ஒர்க்‌ஷாப் கேட்டில் நிற்க வேண்டும். காலிச் சட்டிகளைத் திரும்ப வீடுகளில் சேர்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருக்கும்.

அவள் புருஷன் கிளமென்ட் உறையூரில் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தவன். புகையிலைத் தூசு நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் வீட்டோடு தங்கிவிட்டான். சமையல் அவன் கை. அவள் வந்ததும் சோற்றைப் போட்டு வைப்பான். பாதிச் சோற்றிலேயே அவளுக்குக் கண் சொக்கிவிடும்.

"தின்னுட்டுத் தூங்கேன்" என்பான்.

"தின்னத்தான் தெம்பு இல்லீங்க" என்பாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. இரண்டு நாளாக அடைமழை. கரை முழுக்கச் சேறு. கூடைக்கு மேல் ஓலைத் தடுக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கால் விரலை ஊன்றி ஊன்றிப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. தலையில் பாரம் இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. வேலியோரம் ஒதுங்கலாம் என்று காலை எடுத்து வைத்தாள். சேறு வழுக்கி, அவள் பாதையின் நடுவுக்கே வந்துவிட்டாள்.

சைக்கிளில் வந்தவன் தைரியராஜ். ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். அரை நாள் லீவு எடுத்திருந்தவன், மத்தியானத்துக்குள் வேலைக்குத் திரும்ப அவசரமாக வந்துகொண்டிருந்தான். அவள்மேல் மோதாமல் இருக்க ஹேண்டில்பாரை மறுபக்கம் ஒடித்தான். சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனான்.

கூடையை எப்படிக் கீழே போட்டாள் என்பது அவளுக்கே பிற்பாடு நினைவில்லை. செங்காவியாகத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. சைக்கிளுக்கு அடியில் அவன் கால் மாட்டியிருந்தது. தலை முங்கி முங்கி எழுந்தது. அவள் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். இழுக்க வலுவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டு கத்தினாள். தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து இருவரையும் தூக்கினார்கள். அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது.

கூடையில் பாதிச் சட்டிகள் தண்ணீரோடு போயின. மிச்சத்தைச் சேறு அப்பிய கையோடு கேட்டுக்குக் கொண்டுபோனபோது சங்கு ஊதி வெகுநேரம் ஆகியிருந்தது.

"எங்க ஆள் காலை ஒடிச்சுட்டு, சோத்தையும் வாய்க்கால்ல விட்டுட்டு வந்து நிக்கிறியே!" என்று ஒருவன் சத்தம் போட்டான்.

அவள் சேலை நனைந்து உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. காலிச் சட்டிகளுக்காகக் காத்திருக்க வேண்டுமே என்று கேட்டோரத்திலேயே குந்திக்கொண்டாள்.

அந்த மாதமே சைக்கிள்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கரைப் பாதையைச் சரளை போட்டுக் கெட்டியாக்க வேண்டும், வேலை நேரத்தில் அது சைக்கிளுக்கு மட்டும்தான், கூடைக்காரிகள் பெரிய ரோட்டைச் சுற்றிப் போகட்டும் என்று பேசி முனிசிபாலிட்டியில் மனு கொடுத்தார்கள். மாத்ருபூதம் என்ற ஓவர்சியர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். சரளையை எப்போது கொட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கூடைக்காரிகளை விரட்டுவது மறுநாளே ஆரம்பித்துவிட்டது. மணி அடிப்பதற்குப் பதில் வசவுதான் முதலில் வந்தது.

சகாயம்மாளும் அவளோடு கூடை சுமக்கிற ராக்கம்மாளும் பெரிய ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்கள். நிழல் கிடையாது. பஸ்ஸும் மாட்டு வண்டியும் உரசிக்கொண்டு போகும். சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர முன்கூட்டியே கிளம்ப வேண்டும். ஆனால் வீடுகளில் அடுப்பு முன்கூட்டியே இறங்குமா? "இன்னும் குழம்பு கொதிக்கல சகாயம், சித்த நில்லு" என்பார்கள். நின்றால் தாமதம். தாமதமானால் கேட்டில் ஏச்சு. சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

"விட்டுடேன் இந்த வேலையை" என்றான் கிளமென்ட்.

"விட்டுட்டு?"

அவன் இருமினான்.

தைரியராஜ் வேலைக்குத் திரும்பியபோது சித்திரை வந்துவிட்டது. எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாகக் கூடியிருந்தது. சைக்கிள் மிதிக்க முடியாது. இயந்திரத்தின் முன் நாள்முழுக்க நிற்கவும் முடியாது என்று ஸ்டோரில் உட்கார்த்தி வைத்தார்கள். கைத்தடியை ஊன்றிக் கரைவழியாக நடந்து பார்த்தான். கூட வேலை பார்த்தவர்களே பின்னால் மணியடித்தார்கள். ஒருமுறை ஒதுங்கப் போய் வேலி முள் கன்னத்தைக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து அவனும் பெரிய ரோட்டுக்கு வந்தான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு வாங்க அவனே கேட்டுக்கு வந்தான். சகாயம்மாள் அவனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, அன்னிக்கு நான் மணி அடிச்சேன்" என்றான் அவன்.

"கேட்டுச்சு தம்பி. ஒதுங்கத்தான் காலை வச்சேன். வழுக்கிருச்சு."

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு உங்களைத் திட்டாத நாள் இல்ல. இப்ப நடந்து பாக்குறப்பதான் தெரியுது, ஒதுங்கறதுக்கு அங்க இடமே இல்லியே."

அவள் "கால் வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"ராத்திரில வலிக்கும்."

"எனக்குக் கழுத்து" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் தைரியராஜ் எழுந்து பேசினான். சைக்கிளுக்கு ஒரு பக்கம், நடக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் என்று பாதையை அகலப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றான். பாதிப்பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் கோணிய காலோடு நிற்பவனை உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஓவர்சியர் மாத்ருபூதம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செய்யலாம்ப்பா. வாய்க்கால் பக்கம் ஒரு அடிகூட நகர முடியாது. தோட்டத்துப் பக்கம்தான் இடம் வேணும். பரக்கத் அலி பாய் கொடுத்தா நான் எழுதி அனுப்புறேன். அவர்கிட்ட நான் முன்னமே கேட்டுப் பாத்துட்டேன், முடியாதுன்னுட்டார்."

தைரியராஜ் சகாயம்மாளிடம் வந்தான். "நீங்களும் வாங்கக்கா. அன்னிக்கு நம்மளைத் தூக்கினது அவர் ஆளுங்கதானே."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் தோட்டத்துக்குப் போனார்கள். பரக்கத் அலி கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். முள் குத்திய விரலில் துணி சுற்றியிருந்தார்.

"இடம் கேட்டுத்தானே வந்திருக்கீங்க? ஓவர்சியருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். தாத்தா காலத்துத் தோட்டம். ஒரு வரிசை வாழை போயிடும்."

தைரியராஜ் ஏதோ நியாயம் பேச ஆரம்பித்தான். பாய் முகம் கடுத்தது. சகாயம்மாள் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "வேலி கட்டினீங்களா பாய்?" என்று கேட்டாள்.

"கட்டாம? சைக்கிள் வந்தா நீங்கள்லாம் என் வேலி மேலதானே வந்து விழறீங்க. மாசம் ஒரு தரம் கட்டறேன். ஆடு பூந்துடுது. ஆள் கூப்பிட்டா வரமாட்டேங்கிறான்."

"எங்க முதுகுல பாருங்க பாய், உங்க முள்ளு கிழிச்ச தழும்புதான். சாய்ஞ்சு சாய்ஞ்சு எங்களுக்கும் அலுத்துப்போச்சு. கட்டிக் கட்டி உங்களுக்கும் அலுத்துப்போச்சு. நாங்க நடக்க இடம் இருந்தா உங்க வேலியை எதுக்கு வந்து தொடப்போறோம்?"

அவர் விரல் துணியை இறுக்கிக்கொண்டு கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"முள்வேலி வேணாம். செங்கல் சுவர் வச்சுத் தருவாங்களா? இடுப்பு உசரம் போதும். வச்சுத் தர்றதா இருந்தா, அந்த ஒரு வரிசை போனாப் போகுது."

சுவர் வைக்கச் சம்மதம் கிடைக்க ஒரு வருஷம் ஆனது. சரளை வந்து குவிந்து மழையில் கரைந்தது ஒரு வருஷம். காண்டிராக்டர் ஒருவர் பாதியில் போய்விட்டார். சகாயம்மாள் அதையெல்லாம் எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தாள். ஒருவழியாக அறுபத்தொன்றில் ரோடு எஞ்சின் உருண்டது. வாய்க்கால் பக்கம் சைக்கிளுக்குத் தார் போட்ட கீற்று. தோட்டத்துப் பக்கம் அரையடி உயர்த்திச் செம்மண் கெட்டித்த நடைவழி. இரண்டுக்கும் நடுவில் கருங்கல் வரிசை. முதல் நாள் அதில் நடந்தபோது பின்னால் மணி மேல் மணி அடித்தது. சகாயம்மாள் ஒதுங்கவில்லை. ஒதுங்க வேண்டியதில்லை என்பது மணி கேட்டாலே கூசிப் பழகிய அவள் உடம்புக்குப் புரியத்தான் பல நாள் ஆயிற்று.

சுகம் வந்ததென்று சொல்வதற்குள் இன்னொன்று சேர்ந்துகொண்டது. சாப்பாடு நேரத்துக்கு வருகிறதென்று தெரிந்ததும் பழைய ஆட்கள் திரும்பினார்கள், புதிய ஆட்களும் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ராக்கம்மாளுக்கும் அப்படியே. கூடை கனத்தது. ஒரு நாள் காலையில் நிறைந்த கூடையோடு தன் வீட்டு வழியே போனவள் தாங்க முடியாமல் வாசலில் நிற்க, கிளமென்டும் அடுத்த வீட்டுக்காரரும் பிடித்து இறக்கினார்கள்.

"பாதை போட்டது உன்னைக் கொல்றதுக்கா?" என்றான் கிளமென்ட். பேசியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான்.

அந்த வருஷங்களில் பொன்மலைக் காலனியிலிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்தன. மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு வீட்டு வாசலில் தைரியராஜ் ஒரு குழந்தை வண்டியைப் பார்த்தான். நாலு சக்கரம், ஆழமான தொட்டி, நீலச் சாயம். அதை வாங்கி, நொண்டிக்கொண்டே தள்ளிவந்து சகாயம்மாள் வீட்டு முன் நிறுத்தினான்.

"இது எதுக்கு தம்பி? எங்க வீட்டுல கைக்குழந்தையா இருக்கு?"

"இதுல சோத்தை வச்சுத் தள்ளுங்கக்கா. பழைய சேத்துல இது உருளாது. இப்பதான் நம்ம பாதை இருக்கே."

அவள் வெட்கப்பட்டாள். கிளமென்ட் சிரித்துச் சிரித்து இருமினான். மறுநாள் சட்டிகளை அதில் அடுக்கித் துண்டு போட்டு மூடி நடைவழியில் தள்ளிக்கொண்டு போனபோது, சைக்கிளில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்கு என்ன பேர்க்கா?" என்று ஒருவன் கேட்டான்.

"சாம்பார்" என்றாள் அவள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த வேடிக்கைப் பேச்சு அது.

நடக்கிறவர்களில் சிலர் வண்டி இடிக்கிறது என்று குறைப்பட்டார்கள். அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. கழுத்து வலி முழுதாகப் போகவில்லை. அது எலும்போடு ஒட்டிப்போன வலி. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் இப்போதெல்லாம் தட்டு காலியாகும்வரை விழித்திருந்தாள்.

அறுபத்தாறில் முழங்கால் இரண்டும் வீங்கி, நீலவண்டியை ராக்கம்மாளிடம் கொடுத்துவிட்டாள். செம்மண் நடைவழி அதற்குள் அங்கங்கே பெயர்ந்திருந்தது. தார்க் கீற்றிலும் குழி விழுந்திருந்தது. தைரியராஜ் மறுபடி மாத்ருபூதத்திடம் நடந்துகொண்டிருந்தான்.

கிளமென்ட் மட்டும் அந்தப் பாதையைப் புதிதாகக் கண்டுபிடித்தவன்போல இருந்தான். சைக்கிளுக்குப் பயந்து வருஷக்கணக்காகக் கரைப்பக்கமே வராதவன், இப்போது சாயங்காலங்களில் பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் சகாயம்மாளையும் கூட்டிவந்தான். பாயின் செங்கல் சுவர் வரைக்கும் வந்ததும் அவள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னுங் கொஞ்சம் வாயேன். அந்த மதகு வரைக்கும் போயிட்டு வரலாம்."

"நான் நடந்தது போதும்" என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."

அவன் போனான். அவள் காலை நீட்டி, முழங்காலைத் தேய்த்துவிட்டபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.